பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை: எங்கள் லோகாட் ஆண் மரமா?

கேள்வி: எங்கள் வீடு கோத்தகிரியில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மாமனார் குன்னூரில் ஒரு நண்பர் வீட்டிலிருந்து லோகாட் பழம் கொண்டுவந்தார். தின்ற பிறகு ஒரு கொட்டையைக் கொல்லையில் ஊன்றினார். மரம் இப்போது ஓட்டுக்கூரைக்கு மேலே போய்விட்டது. நான்கு வருஷமாக அக்டோபர் பிறந்தால் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, வீடு முழுக்க வாசம். ஆனால் பிஞ்சு நிற்பதில்லை. போன வருஷம் மொத்தமே ஏழு பழம்தான். "அது ஆண் மரம், வெட்டிவிட்டு பட்டர் ஃப்ரூட் வையுங்கள்" என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். மாமனார் இப்போது இல்லை; வெட்ட மனசு வரவில்லை. ஆண் மரம் என்றால் அந்த ஏழு பழம் எப்படி வந்தது?
(வாசகி, கோத்தகிரி)

பதில்: உங்கள் கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது, அம்மா. ஆண் மரம் ஒரு பழம்கூடத் தராது. ஏழு தந்த மரத்தை ஆண் என்று சொல்ல வழியே இல்லை. ஊர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அந்த ஏழு பழத்தையும் எண்ணி வைத்துக் கேட்டீர்களே, அதனாலேயே இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அரிவாளை உள்ளே வைத்துவிடுங்கள். நிதானமாகப் பார்ப்போம்.

'ஆண் மரம்' என்ற பேச்சு வெறும் கற்பனை இல்லை. பனையில் ஆண் உண்டு, பெண் உண்டு; ஆணை அலகுப்பனை என்றும் பெண்ணைப் பருவப்பனை என்றும் தனித்தனிப் பெயர் வைத்தே சொல்வார்கள். பப்பாளியில் நீண்ட காம்பில் சரம் சரமாகப் பூத் தொங்கினால் அது ஆண் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் பர்லியாறு பண்ணைப் பக்கம் ஜாதிக்காய் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஜாதிக்காயை விதை போட்டு வளர்த்தால் ஏறத்தாழப் பாதிக் கன்று ஆணாகப் போய்விடும். அதுவும் ஆறேழு வருஷம் கழித்து முதல் பூ வரும்போதுதான் தெரியும். இப்படிப்பட்ட மரங்களோடு பழகிய மக்கள், காய்க்காத எந்த மரத்தையும் அந்தப் பெயரால் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். காய்க்காத மாமரமும் ஆண், புளியமரமும் ஆண், கொய்யாவும் ஆண். தவறு அங்கேதான் தொடங்குகிறது. மாமரத்தில் ஒரே பூங்கொத்திலேயே ஆண் பூவும் இருபால் பூவும் கலந்திருக்கும். பலாவில் ஆண் கதிரும் பெண் கதிரும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும். கிளை நுனியில் விரல் நீளத்துக்கு வந்து கறுத்து உதிர்வதைப் பார்த்து "பிஞ்சு கொட்டுகிறதே" என்று கவலைப்படுகிறோம். அது பிஞ்சு இல்லை; மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு உதிரும் ஆண் கதிர்.

லோகாட் எந்த வகை? நான் சொல்வதைவிட மரமே சொல்லட்டும். அடுத்த பூப் பருவத்தில் ஒரு கொத்தை வளைத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். காம்பெல்லாம் பழுப்பு நிறத்தில் கம்பளி போர்த்தியதுபோல் மென்மயிர் மூடியிருக்கும். எரியோபோட்ரியா என்ற அதன் அறிவியல் பெயருக்குக் கிரேக்கத்தில் 'கம்பளிக் கொத்து' என்றுதான் பொருள். வெள்ளையாக ஐந்து இதழ். விரிந்த பூ ஒன்றைக் கிள்ளிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், நுனியில் மஞ்சள் பை தாங்கிய சுமார் இருபது இழைகள் தெரியும். அவை மகரந்தத் தாள்கள், அதாவது ஆண் உறுப்பு. அவற்றின் நடுவே பச்சையாக, குட்டையாக, ஐந்து தண்டுகள் சேர்ந்து நிற்கும். அவை சூல்தண்டுகள், மகரந்தம் வந்து விழ வேண்டிய பெண் உறுப்பின் மேல் பகுதி. இரண்டும் ஒரே பூவில் இருக்கின்றன. லோகாட்டில் ஆண் மரம் என்றும் பெண் மரம் என்றும் பிரிவே கிடையாது.

இன்னொரு வைத்தியத்தையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து அதைத்தான் யாராவது சொல்வார்கள். காய்க்காத மரத்தில் ஆணி அடிப்பது, விளக்குமாறும் பழைய செருப்பும் கட்டுவது, பட்டையைக் கொத்துவது. பட்டையில் காயம் பட்டால் இலையில் செய்த சர்க்கரை வேருக்கு இறங்குவது கொஞ்சம் தடைப்படும். அது மேலேயே தேங்கி, பூக்காத மரம் சில சமயம் பூத்துவிடும். அதனால்தான் அந்த வைத்தியம் பலித்ததாகக் கதைகள் உண்டு. உங்கள் மரத்துக்குப் பூப்பதில் குறையே இல்லை. ஆணி அடித்தால் பூசணம் உள்ளே போக வழி செய்துகொடுத்ததாகும், அவ்வளவுதான்.

பூ வருகிறது, இரண்டு உறுப்பும் இருக்கிறது, பிறகும் ஏன் பிஞ்சு நிற்கவில்லை?

லோகாட், ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் சொந்தக்கார மரம். மூன்றும் ரோஜாக் குடும்பம். இந்தச் சொந்தங்களுக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது: தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. இதற்குத் தற்பொருந்தாமை என்று பெயர். ஒரு மரத்தின் மகரந்தம் அதே மரத்தின் சூலோடு சேராமல் தடுக்கும் இயற்கை ஏற்பாடு. நம் ஊர்களில் ஒரே குலத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை அல்லவா, ஏறக்குறைய அதுதான். ஒவ்வொரு லோகாட் மரத்துக்கும் தாய் வழியாக ஒன்று, தந்தை வழியாக ஒன்று என இரண்டு குல அடையாளங்கள் மரபணுவில் இருக்கும். அதன் மகரந்தத் துகள் ஒவ்வொன்றும் அந்த இரண்டில் ஒன்றைச் சுமந்து வரும். துகள் சூல்தண்டின் நுனியில் விழுந்ததும் முளைத்து, மெல்லிய குழல் ஒன்றை உள்ளே இறக்கும். குழல் அடியில் இருக்கும் சூலைத் தொட்டால்தான் விதை, விதை உருவானால்தான் பழம். சூல்தண்டில் காவல் இருக்கிறது. வந்த துகளின் அடையாளம் மரத்தின் இரண்டு அடையாளங்களில் ஒன்றோடு ஒத்துப்போனால், அங்கே சுரக்கும் ஒரு நொதி, அதாவது உயிர்வேதி வேலைகளைச் செய்யும் புரதம், அந்தக் குழலைப் பாதி வழியிலேயே நிறுத்திவிடும். வேற்று அடையாளம் என்றால் விட்டுவிடும். சொந்த மரத்தின் மகரந்தம் எத்தனை ஆயிரம் விழுந்தாலும் அடையாளம் ஒத்தே இருக்கும். கருவுறாத பூ சில நாளில் காம்போடு உதிர்ந்துவிடும். உங்கள் கொல்லையில் பழுப்பாகக் கொட்டிக் கிடப்பது அதுவே.

எல்லா லோகாட்டும் இப்படி இல்லை. சில ரகங்கள் தனித்து நின்றே காய்க்கும், சில கொஞ்சம் காய்க்கும், சில சுத்தமாக மறுக்கும். கொட்டையிலிருந்து வந்த உங்கள் மரம் இதில் எந்தப் பக்கம் என்பதை அந்த ஏழு பழத்தை வைத்து ஊகிக்கலாம். கோத்தகிரியில் வேறு வீட்டில் எங்கோ ஒரு லோகாட் நின்று, தேனீ ஒன்று அங்கே போய்விட்டு உங்கள் மரத்துக்கும் வந்திருக்கும். நம் மலைத் தேனீ சில நூறு மீட்டர், சில நேரம் ஒரு கிலோமீட்டர்கூடப் போய்வரும். அல்லது காவலைத் தாண்டி ஒன்றிரண்டு சொந்தத் துகள்கள் நுழைந்திருக்கும், அதுவும் நடக்கும். அந்தப் பழங்களில் எத்தனை கொட்டை இருந்தன என்று நினைவிருக்கிறதா? லோகாட் சூலகத்தில் ஐந்து அறை, அறைக்கு இரண்டு சூல், ஆகப் பத்துக் கொட்டை வரை இடம் உண்டு. நன்றாக மகரந்தம் கிடைத்த பழத்தில் மூன்று, நான்கு, ஐந்து கொட்டை சாதாரணமாக இருக்கும். ஏழு பழமும் சிறுத்து, ஆளுக்கு ஒரு கொட்டையோடு இருந்திருந்தால் மகரந்தப் பஞ்சம் என்பது உறுதியாகிவிடும்.

இங்கே படித்தவர்களும் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. "துணைக்கு இன்னொரு மரம் வேண்டும்" என்று கேள்விப்பட்டு, நர்சரியில் ஒரே ரகத்தில் இரண்டு ஒட்டுக்கன்று வாங்கி அருகருகே நட்டுவிடுவார்கள். பத்து வருஷம் போனாலும் பலன் இருக்காது. ஒட்டுக்கன்று என்பது தாய்மரத்தின் கிளைதான். ஒரே ரகத்தின் ஒட்டுக்கன்றுகள் நூறு நட்டாலும் நூறும் சேர்ந்து ஒரே மரம், அடையாளம் ஒன்றே. இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் விவசாயிகள் இதை நன்றாக அறிந்தவர்கள். டெலிஷியஸ் ரக ஆப்பிள்களுக்கு நடுவே கோல்டன் டெலிஷியஸ் மரங்களை மகரந்தத்துக்காகவே வைப்பார்கள். அதே பழத்திலிருந்து இன்னொரு கொட்டையை உங்கள் மாமனார் ஊன்றியிருந்தால் அது இந்த மரத்துக்கு உடன்பிறப்பு. ஆனாலும் அடையாளம் முழுவதும் ஒன்றாக இருக்கும் வாய்ப்புக் குறைவு. ஆக, துணை மரத்துக்கு ஒட்டுச் சகோதரனைவிட விதைச் சகோதரன் மேல்.

உங்கள் ஊரின் பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாவும் பலாவும் கோடைக்குள் காய்க்கப் பார்க்கும்போது, லோகாட் மழைக்காலத்தில் பூத்து, குளிர்காலத்தில் பிஞ்சு பிடித்து, வெயில் ஏறும்போது பழுக்கிற மரம். பிறந்த மண் சீனா. ஜப்பானில் பார்த்து 1784-இல் விவரித்த துன்பெர்க் என்ற ஸ்வீடன் தாவரவியலாளர் 'ஜப்போனிகா' என்று பெயர் வைக்க, அந்தத் தவறான பெயரே நிலைத்துவிட்டது. நீலகிரியின் கிழக்குச் சரிவான கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கிய மழை. அக்டோபர், நவம்பரில் நாள்கணக்கில் மஞ்சு மூடி நசநசவென்று தூறும். மரம் பூத்திருப்பதும் அப்போதே. மழையில் தேனீ கூட்டை விட்டு வராது, மகரந்தமும் நனைந்து வீணாகும். நல்ல வேளையாக லோகாட் ஒரே மூச்சில் பூத்து முடிப்பதில்லை. கொத்து கொத்தாக இரண்டு மாதத்துக்கும் மேல் பூத்துக்கொண்டிருக்கும். நடுவே வெயில் அடிக்கிற நான்கு நாள் கிடைத்தால்கூட ஒரு சுற்றுப் பிஞ்சு பிடித்துவிடும். அந்த நாட்களில் பக்கத்துத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறார்களா என்று கவனியுங்கள். அடிப்பவர்களிடம் சொல்லி, தேனீ கூடடைந்த பிறகு மாலையில் அடிக்கச் செய்தால் உங்கள் மரத்துக்கு மட்டுமல்ல, தெருவில் உள்ள எல்லா மரத்துக்கும் நல்லது.

உறைபனியும் பிஞ்சைக் கொல்லும். மரம் குளிரை நன்றாகத் தாங்கும். ஆனால் மைனஸ் 3 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போனால் பிஞ்சுக்குள் இருக்கும் விதை செத்துவிடும். ஊட்டிப் பள்ளங்களில் இருப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். உதிர்ந்த பிஞ்சைக் கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே விதை கறுத்திருந்தால் குளிர் செய்த வேலை. வெட்ட முடியாத அளவுக்குப் பூவாகவே உதிர்ந்திருந்தால் மகரந்தம் சேரவில்லை. நீங்கள் "பிஞ்சு நிற்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டாணி அளவாவது வந்ததா, பூவோடு போயிற்றா என்று ஒருமுறை பாருங்கள்.

காரணம் தற்பொருந்தாமையா, மழையா என்று உறுதிசெய்ய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். செலவு ஒரு தூரிகையும் இரண்டு முழம் மஸ்லின் துணியும். கைக்கு எட்டும் கிளையில், மொட்டு விரியாத இரண்டு கொத்துகளைத் தேர்ந்தெடுத்து ஒன்றில் சிவப்பு நூலும் மற்றதில் பச்சை நூலும் கட்டுங்கள். இரண்டுக்கும் மஸ்லின் துணியில் தளர்வாகப் பை போட்டுவிடுங்கள், தேனீ உள்ளே போகக்கூடாது. ஊருக்குள் வேறு ஒரு வீட்டு லோகாட்டிலிருந்து, விரியப் போகும் மொட்டுகள் ஒரு கைப்பிடி வாங்கி வாருங்கள். இதழை உரித்து, மஞ்சள் பைகளை ஒரு வெள்ளைக் காகிதத்தில் உதறி, காற்றடிக்காத இடத்தில் இரவு முழுக்க விட்டால் மறுநாள் பைகள் வெடித்து மஞ்சள் தூள் கிடைக்கும். உங்கள் கொத்துகளில் பூக்கள் விரிந்த நாளாகப் பார்த்து, மழையில்லாத முற்பகலில் பையைத் திறந்து, சிவப்பு நூல் கொத்துக்கு உங்கள் மரத்துத் தூளையே தூரிகையால் தொட்டு வையுங்கள். தூரிகையைக் கழுவிக் காயவைத்துவிட்டு, அல்லது வேறு தூரிகை எடுத்து, பச்சை நூல் கொத்துக்கு அடுத்த வீட்டுத் தூளை வையுங்கள். இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்து, பையைக் கட்டிவிடுங்கள். பூவெல்லாம் வாடியதும் பையை எடுத்துவிடலாம். மூன்று நான்கு வாரத்தில் விஷயம் தெரிந்துவிடும். பச்சையில் பிஞ்சு திரண்டு சிவப்பு மொட்டையாக நின்றால், மரத்துக்குத் துணை வேண்டும். இரண்டிலும் பிஞ்சு நின்றால், மரம் தன் மகரந்தத்தையே ஏற்கிறது, உங்களுக்குக் குறை தேனீதான். ஒரு தேன்பெட்டி வைத்தால் போதும்.

பச்சை ஜெயிக்கும் என்பது என் கணிப்பு. அப்படியானால் மூன்று வழி இருக்கிறது. உடனடி வழி, பூப் பருவத்தில் வேற்று மரத்தின் பூங்கிளைகளை வெட்டிவந்து தண்ணீர் வாளியில் நிறுத்தி உங்கள் மரத்தடியில் வைப்பது. கிளையில் கட்டித் தொங்கவிடுவது இன்னும் நல்லது. ஆப்பிள் தோட்டங்களில் செய்யும் முறைதான் இது. வருஷா வருஷம் செய்ய வேண்டும். இன்னொன்று, வேறு ரக ஒட்டுக்கன்று ஒன்றைப் பத்துப் பதினைந்து அடி தள்ளி நடுவது; மூன்று நான்கு வருஷத்தில் பூக்கும். எனக்குப் பிடித்தது மூன்றாவது: உங்கள் மரத்திலேயே ஒரு கிளையில் வேற்று ரகத்தை ஒட்டுக் கட்டிவிடுவது. மழை ஓய்ந்து புதுத் துளிர் விடும் பிப்ரவரி, மார்ச்சில், பென்சில் கனத்துக் குச்சியை ஆப்புப்போல் சீவி, பிளந்த கிளையில் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒட்டுக் கட்டத் தெரிந்த நர்சரிக்காரர் ஒருவருக்கு அரை மணி நேர வேலை. ஒன்றுக்கு மூன்று குச்சியாகக் கட்டச் சொல்லுங்கள், எல்லாம் பிடிக்காது. பெரிய மரத்தின் வேர் பலம் இருப்பதால் பிடித்த குச்சி இரண்டு மூன்று வருஷத்தில் பூத்துவிடும். உங்கள் மாமனார் வைத்த மரமும் நிற்கும், துணையும் அதன் தோளிலேயே இருக்கும். அந்தக் கிளையில் ஒரு தகரச் சீட்டு கட்டி வையுங்கள். கவாத்துக்கு வருகிற ஆள் தெரியாமல் அதையே வெட்டிவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கவாத்தும் பழம் பறித்த கையோடு கோடையில் முடிந்துவிட வேண்டும். லோகாட் கிளை நுனியில்தான் பூக்கும்; ஆகஸ்ட், செப்டம்பரில் வெட்டினால் அந்த வருஷத்துப் பூவை வெட்டியதாகும்.

பட்டர் ஃப்ரூட் விஷயத்துக்கு வருகிறேன். வையுங்கள், நல்ல மரம். கொடைக்கானல் மலையில் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் கண்டெடுத்த டி.கே.டி.-1 ரகம் நம் மலைகளுக்கு ஏற்றது. ஆனால் மகரந்தச் சிக்கலுக்குப் பயந்து லோகாட்டை வெட்டிவிட்டு அதை வைப்பதில் நியாயம் இல்லை, ஏனென்றால் அதன் சிக்கல் இதைவிட விசித்திரமானது. பட்டர் ஃப்ரூட்டின் ஒரே பூ இரண்டு முறை விரியும். முதல் முறை பெண்ணாக, மூடிக்கொண்டு மறுமுறை ஆணாக. ஏ வகை மரங்கள் காலையில் பெண்ணாக விரிந்து மறுநாள் பிற்பகலில் ஆணாக விரியும். பி வகை மரங்கள் பிற்பகலில் பெண்ணாக விரிந்து மறுநாள் காலையில் ஆணாக விரியும். ஏயும் பியும் பக்கத்தில் நின்றால் ஒன்றுக்கு ஒன்று துணை. குளிர்ந்த வானிலையில் இந்த நேரக்கணக்கு குழம்பி ஒற்றை மரமும் காய்ப்பது உண்டு, ஆனால் இரண்டு வகை வைத்தவர் காய்ப்பே காய்ப்பு.

வீட்டுத் தோட்டத்து மற்ற மரங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். சீத்தாப் பூவில் பெண் உறுப்பு முதலில் தயாராகி, மகரந்தம் வெளிவரும்போது அது காய்ந்துவிடும். அங்கே வேலை செய்வது தேனீ இல்லை, சின்னஞ்சிறு வண்டுகள். மாலையில் மகரந்தம் சேகரித்து, மறுநாள் விடியலில் புதிதாக விரியும் பூவுக்குத் தூரிகையால் வைத்தால் உருண்டையான பெரிய பழம் வரும். பேஷன் ஃப்ரூட்டில் ஊதா நிறப் பழக் கொடி தானே காய்க்கும், மஞ்சள் பழக் கொடி துணை கேட்கும். மாதுளையில் மணிபோல் அடி குறுகிய பூக்கள் ஆண் பூக்கள், அவை உதிர்வது இயல்பு. கொய்யாவுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. சமவெளியில் இருந்து லோகாட் கேட்டு எழுதும் நண்பர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: குவாத்தமாலாவில் 900 மீட்டருக்கு மேல் நன்றாகக் காய்க்கும் இந்த மரம் அதற்குக் கீழே இலையோடு நின்றுவிடுகிறது. சென்னையிலும் மதுரையிலும் அதை அழகுக்காக வளர்க்கலாம். பழம் எதிர்பார்க்க வேண்டாம்.

பிஞ்சு நின்ற பிறகு ஒரு கொத்துக்கு ஐந்தாறு மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள், பழம் பெருக்கும். கொண்டைக்குருவிக்கும் வௌவாலுக்கும் முந்திக்கொள்ளப் பழைய கொசுவலைத் துணியில் கொத்துக்குப் பை போடுங்கள். பூவிலிருந்து பழத்துக்கு நான்கைந்து மாதம் ஆகும். மாங்காயைப்போலப் பறித்து வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்க முடியாது. லோகாட் பறித்த பிறகு இனிப்பு ஏறாத பழம். ஆரஞ்சு நிறம் முழுவதும் ஏறி, தொட்டால் லேசாக நெகிழும் வரை மரத்திலேயே விட்டு, காம்போடு கத்தரித்து எடுங்கள். குழந்தைகள் கொட்டையைக் கடித்து மெல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. கொட்டைகளைக் காயவிட்டால் முளைக்காது, ஈரம் காயும் முன்னே ஊன்றிவிட வேண்டும். பச்சை நூல் கொத்தில் விளைந்த முதல் பழத்தின் கொட்டையை உங்கள் மாமனார் ஊன்றிய மாதிரியே அன்றைக்கே ஊன்றுங்கள்.